மேடையில் என் அண்ணையின் தொண்டை

1

எங்கள் பிள்ளைகளுக்குத் திதி என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்லிக்கொடுத்தாலும் அவர்கள் போனில் பதிந்து வைப்பது இங்கிலீசுத் திகதியைத்தான். அதனால் வந்த வினை இது.

என் அண்ணை லண்டனில் செத்து ஒரு வருடம் ஆகிறது. ஆண்டுத் திவசத்தை ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட்டில் இருக்கிற எங்கள் வீட்டில் செய்வதென்று முடிவு. அண்ணி இப்போது எங்களோடு இருக்கிறா. அவவும் என் மனைவி தவமும் கூடப்பிறந்தவர்கள். அக்காவை அண்ணை கட்டினார், தங்கச்சியை நான் கட்டினேன். அண்ணை போனபிறகு அண்ணி அந்த லண்டன் வீட்டில் தனியே கிடக்க வேண்டாம் என்று தவம்தான் கூப்பிட்டாள். ஒரே மகன் கஜன் மாதத்தில் பாதி நாள் பெட்டியும் கையுமாகத் திரிகிறவன்.

கஜன் இங்கிலாந்தில் பெயர் எடுத்த சிரிப்பு நடிகன். மிருதங்கமும் வாசிப்பான், கீபோர்ட்டும் வாசிப்பான். திவசத்துக்கு வரும்போதே ஸ்காபரோவில் ஒரு நிகழ்ச்சியும் செய்வோம் என்று ஒழுங்கு பண்ணிவிட்டான். முதலில் சனிக்கிழமை நிகழ்ச்சி, பிறகு எங்களோடு தங்கி மாதக் கடைசியில் திவசம். இது அவன் கணக்கு. எல்லா ரிக்கற்றும் விற்றுப்போனபிறகுதான் ஐயருக்குப் போன் எடுத்தேன். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, அதே சனிக்கிழமைதான் திதி என்றார்.

"மாசக் கடைசி எல்லோ அண்ணை செத்தவர், ஐயா?"

"அது மரணச் சேட்டிபிக்கட்டுக்கு. பிதிருக்கு இல்லை. இந்த முறை முந்தி வருது. காலமை வாறன், எனக்கு அண்டைக்கு யூனியன்வில்லிலை இன்னும் ரெண்டு வீடு இருக்கு."

உடனே லண்டனுக்குக் கஜனுக்கு எடுத்துச் சொன்னேன்.

"சனிக்கிழமை எனக்கு ஷோ, சித்தப்பா."

"தெரியும். அதுதான் எடுத்தனான்."

"பரவாயில்லை. காலமை திவசம், பின்னேரம் ஷோ. அப்பா ஒண்டும் நினைக்கமாட்டார்."

அப்பா ஒன்றும் நினைக்கமாட்டாராம்.

"அந்தக் குரலையும் செய்வியோ?"

"அதுதான் ஷோவே, சித்தப்பா" என்றான்.

அந்தக் குரல் அவனுடைய தகப்பனின் குரல். என் அண்ணையின் குரல். அவருடைய திவசத்தன்று, அவருடைய மனைவி முன்வரிசையில் இருக்க, அந்தக் குரலைக் கேட்டு ஒரு மண்டபம் விழுந்து விழுந்து சிரிக்கப் போகிறது. அதை நிறுத்த வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

2

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குக் கஜனைத் தெரிந்திருக்காது. அவன் வந்த வழியைச் சொல்கிறேன்.

லண்டனில் எங்கள் ஆட்கள் பெண் பிள்ளை பிறந்தால் அரங்கேற்றம் செய்யாமல் விடமாட்டார்கள். மண்டபம், பழத்தட்டு, பெரிய படம் போட்ட புத்தகம், பட்டு வேட்டியோடு ஒரு அறிவிப்பாளர். கஜன் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மிருதங்கம் பழகி, பதின்மூன்று பதினான்கு வயதிலேயே இந்த அரங்கேற்றங்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கப் போனான். ஒருநாள் அறிவிப்பாளர் தெரு நெரிசலில் மாட்டிக்கொண்டார். சனம் பொறுமையில்லாமல் இருந்தது. இவன் மிருதங்கத்தை மடியில் வைத்தபடியே ஒலிவாங்கியை இழுத்து, அந்த மனிதருடைய குரலிலேயே, அதே இழுவையோடு, "கலையுள்ளம் கொண்ட பெரியோர்களே" என்று தொடங்கியிருக்கிறான். மண்டபம் சிரித்தது. நடன ஆசிரியை சிரிக்கவில்லை. அடுத்த இரண்டு வருடம் அவ அவனைக் கூப்பிடவில்லை. அதற்குள் அவனுக்கு வேறு ருசி பிடித்துவிட்டது.

பொறியியல் படிக்கப் போனான். பாதியில் விட்டான். அண்ணை எனக்குப் போனில் சொன்னது ஒரே வசனம்: "அவன் விட்டிட்டான்ரா." பிறகு இரண்டு வெள்ளைக்காரப் பெடியங்களோடு சேர்ந்து ஒரு பாட்டுக் குழு. தவறணைகளில் மிருதங்கத்தை வைத்துக்கொண்டு, சொற்கட்டுச் சொல்லி இங்கிலீசுப் பாட்டுப் பாடினான். குடிக்கிறவன் பாட்டை எங்கே கேட்கிறான்? பாட்டுக்கு இடையில் இவன் சொன்ன கதைகளைத்தான் கேட்டான். அதிலிருந்து ரீவியில் சின்னச் சின்ன வேடங்கள். ரக்சிக்காரன், பெயரில்லாத டொக்டர், தொடக்கத்திலேயே செத்துப்போகிற கடைக்காரன். எங்கள் நிறத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற வேடங்கள் அவ்வளவுதான். அந்தப் பகுதிகளை அண்ணி வீடியோவில் பதிந்து வைத்திருந்தா.

பிறகு ஒரு நகைச்சுவைத் தொடர் வந்தது. நகரசபை அலுவலகத்தில் முறைப்பாடு வாங்குகிற ஒரு வயதான ஆள். அதற்கு இவன் ஒரு குரல் போட்டான். கரகரவென்று, நடுவில் கீச்சிட்டு, வசனம் முடிய முதல் காற்றுப் போய்விடுகிற ஒரு குரல். அந்தத் தொடர் வருடக்கணக்கில் ஓடியது. பஸ் தரிப்பில் நிற்கிற பள்ளிப் பிள்ளைகள்கூட அந்தக் குரலில் கூப்பிட்டுக் கத்தினார்களாம். அதுதான் கஜனைத் தூக்கிவிட்டது.

நான் அதை முதன்முதல் கேட்டது எங்கள் குசினியில். வேலைக்குப் போகமுதல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மகள் அபி போனைக் கொண்டுவந்து மூஞ்சிக்கு முன்னால் நீட்டினாள்.

"அப்பா, லுக், கஜன் அண்ணா. ஹி இஸ் சோ ஃபனி."

நான் படத்தைப் பார்க்கவில்லை. காதில்தான் விழுந்தது. என் அண்ணை அந்தப் போனுக்குள் இருந்து கதைத்தார். அவரைச் சுற்றி நூறு பேர் சிரித்தார்கள். சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினேன். "வாட் டிட் ஐ டூ?" என்று அபி கேட்டாள். அவள் ஒன்றும் செய்யவில்லை. அவளுக்குத் தெரியாது.

அண்ணை அப்போது உயிரோடு இருந்தார். எடுத்துக் கேட்டேன்.

"பாத்தனீங்களோ, உங்கடை மோன் செய்யிறதை?"

"பாத்தன்."

"என்ன செய்யப்போறியள்?"

"என்னத்தைச் செய்யிறது? நல்லாய்த்தானே செய்யிறான்."

மனுசன் அவமானத்தை விழுங்குகிறார் என்றுதான் நினைத்தேன். கஜனின் ஒரு மேடைக்கும் அண்ணை போனதில்லை. அண்ணி போவா, அவர் வீட்டில் நிற்பார். அதைவிட வேறு என்ன மறுமொழி எனக்கு வேண்டும்?

3

ஊரில் அண்ணை ஒரு ஒலிபெருக்கிக் கடையில் வேலை செய்தார். பழைய கார் ஒன்றின் கூரையில் இரண்டு குழாய் கட்டி, உள்ளே இருந்து அறிவித்துக்கொண்டு போகிற வேலை. தியேட்டரில் புதுப்படம், கோயிலில் திருவிழா, யாராவது செத்தால் மரண அறிவித்தல். எல்லாவற்றுக்கும் அண்ணைதான். படத்துக்கு ஒரு மாதிரியும் சாவுக்கு ஒரு மாதிரியும் சொல்வார். அந்தக் குரல் இரண்டு ஊருக்குத் தெரிந்த குரல்.

பிரச்சினை தொடங்கியபிறகு கடையடைப்பு அறிவிக்கச் சொல்லி இயக்கப் பெடியள் வந்தார்கள். மாட்டேன் என்று சொல்லக்கூடிய காலம் இல்லை. அண்ணை காரில் போய் அறிவித்தார். பிறகு ஆமி ஊருக்குள் வந்தது. ஆண்களை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் இருத்தினார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்க முகமூடி போட்டு இருத்திய ஒருவன் முன்னால் ஒவ்வொருவராக நடத்தினார்கள். அண்ணையை மட்டும் நடத்தவில்லை, கதைக்கச் சொன்னார்கள். பேரைச் சொல்லு என்றார்கள். பேரைச் சொன்னார். காரில் அறிவித்த குரல் எது என்று தெரிய அது போதும்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். துவக்குப் பிடியால் தொண்டையில் அடித்திருந்தார்கள். ஒரு தடவை அல்ல. "உதாலை தானே அறிவிச்சனி" என்று சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறார்கள். வந்த அன்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா யாரோ என்று நினைத்து வெளியே வந்து பார்த்தா. அதற்குப் பிறகு அண்ணைக்கு அந்தக் குரல்தான். கரகரவென்று, நடுவில் கீச்சிட்டு, வசனம் முடிய முதல் காற்றுப் போய்விடுகிற குரல்.

இரண்டு பேரும் ஒன்றாகத்தான் லண்டனுக்குப் போனோம். நான் பிறகு இங்கே வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறையில் ஆறு பேரோடு கிடந்தேன். அண்ணை அங்கேயே நின்றுவிட்டார். நான் இங்கே வர முதல், லண்டனில் அவருடைய அகதி விசாரணைக்குத் துணைக்குப் போனேன். கதவு சாத்தவில்லை, எனக்குக் கேட்டது. அந்த அதிகாரி மரியாதையான ஆள். மொழிபெயர்ப்பாளரிடம், இவருடைய தொண்டைக்கு என்ன என்று கேட்கச் சொன்னான். அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே அலுவல் முடிந்திருக்கும். அண்ணை, வெறும் சளி பிடித்தது போல, "தடிமன்" என்றார். தடிமன் என்று எழுதினார்கள். வழக்கை மறுத்தார்கள். பிறகு வருடக்கணக்கில் மேன்முறையீடு.

வெளியே வந்து கத்தினேன். "ஏன் சொல்லேல்லை? விசரோ உங்களுக்கு?"

"அதைச் சொல்லிப் பிச்சை எடுக்கச் சொல்லுறியோ?" என்றார். பிறகு, "பிறக்கிற பிள்ளையளுக்கும் சொல்லக்கூடாது. நீயும் சொல்லாதை" என்றார்.

கலியாணத்துக்குப் பிறகு அண்ணிக்கு மட்டும் சொன்னார். நான் தவத்துக்குக்கூடச் சொல்லவில்லை. அந்தத் தொண்டையை வைத்துத்தான் பெடியன் பெயர் எடுத்தான்.

4

கஜன் வியாழக்கிழமை வந்து இறங்கினான். விமான நிலையத்துக்கு நானும் அபியும் போனோம். மிருதங்கத்தைப் பின் சீற்றில் அபிக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் பெல்ற் போட்டுவிட்டான். அபி சிரித்தாள். நெடுஞ்சாலைக்கு ஏறியதும் நான் தொடங்கினேன்.

"அந்தத் துண்டை எடுத்துப்போடு. மற்றதெல்லாம் செய். அதை மட்டும் விடு."

எந்தத் துண்டு என்று அவன் கேட்கவில்லை. தகப்பன் காஸ் கொம்பனிக்குப் போன் எடுக்கிற துண்டு. போனில் இருக்கிற இயந்திரம், "ஓம் அல்லது இல்லை என்று சொல்லவும்" என்கிறது. தகப்பன் ஓம் என்கிறார். "மன்னிக்கவும், விளங்கவில்லை" என்கிறது. திரும்பச் சொல்கிறார். திரும்பவும் விளங்கவில்லை. காத்திருக்கிற நேரத்துக்குப் போடுகிற பாட்டைக் கஜன் ஒரு கையால் கீபோர்ட்டில் வாசிக்க, தகப்பன் அதற்கு உடைந்த குரலில் கூடப் பாடத் தொடங்குகிறார். கடைசியில் மிருதங்கமும் சேர்ந்து பெரிய கச்சேரியாகிறது. இயந்திரம் நடுவில் வந்து, "மன்னிக்கவும்" என்கிறது. சனம் கண்ணீர் வரச் சிரிக்கும்.

"சித்தப்பா, ஆக்கள் அதுக்குத்தான் வருகினம்."

"ஆக்கள் சிரிக்க உன்ரை கொப்பர்தானோ கிடைச்சவர்?"

"நக்கலடிக்கேல்லை நான்."

"அப்ப என்ன செய்யிறாய்?"

"அப்பா செத்தபிறகு நான் ஒரு ஷோவிலையும் அதை விடேல்லை. விட்டால் அவற்றை சத்தம் நிண்டுபோடும். அவ்வளவுதான்."

"வீட்டிலை இருந்து தனியச் செய். ஆர் மறிச்சது?"

பின்னால் இருந்து அபி, "அப்பா, யூ கான்ட் ஜஸ்ட் டெல் ஹிம் வாட் டு பெர்ஃபோம்" என்றாள்.

"நீ வாயைப் பொத்து. உனக்கு ஒண்டும் தெரியாது."

"எனக்கு ஒண்டும் தெரியாதுதான். நீங்க எப்பவாச்சும் எனிதிங் சொல்லியிருந்தாத்தானே தெரியும்."



வெள்ளிக்கிழமை, நிகழ்ச்சியை ஒழுங்கு செய்கிற செல்வம் அண்ணைக்கு எடுத்தேன். நல்ல மனுசன். ஆனால் நிகழ்ச்சி நிரலைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியாது. நாளைக்குத் திவசம், அந்தத் துண்டு மட்டும் வேண்டாம் என்று சொன்னேன்.

"ஐயையோ, தெரியாமல் போச்சே. சரி, ஒண்டும் யோசியாதையும் தம்பி. போரிலை செத்த ஆக்களுக்கு அகவணக்கம் முதலே நிரலிலை இருக்கு. அதோடை உம்மடை அண்ணைக்கும் ஒரு நிமிசம் போட்டுவிடுறன். விளக்கேத்தினாப் பிறகு வைப்பமோ, முதல் வைப்பமோ?"

என் அண்ணைக்காக மண்டபம் எழும்பி நின்று ஒரு நிமிடம் துக்கம் காக்கும். பிறகு இருந்து அவருடைய குரலைக் கேட்டே சிரிக்கும். செல்வம் அண்ணைக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நான் போனை வைத்துவிட்டேன்.

மிச்சம் அண்ணிதான். அண்ணி விசா நீடிப்புக்குப் போட்ட விண்ணப்பத்துக்கு இன்னும் மறுமொழி வரவில்லை. அதைப் பற்றிக் கதைப்பது போலத் தொடங்கி விசயத்துக்கு வந்தேன்.

"நீங்கள் சொன்னால் கேப்பான், அண்ணி."

அண்ணி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தா. நிமிரவில்லை.

"நான் போறன் தம்பி. சீலை எடுத்து வைச்சிட்டன்."

"அவன் அண்ணையைச் செய்வான்."

"ஓம். அதுக்குத்தான் போறன்."

5

சனிக்கிழமை காலை நிலக்கீழ் அறையில் திவசம். புகை காட்டும் கருவி கத்தாமல் இருக்க அதைப் பிளாஸ்ரிக் பையால் கட்டியிருந்தோம். ஐயர் அவசரத்தில் இருந்தார். கஜன் வேட்டியோடு தெற்குப் பார்த்து இருந்தான். எள்ளு, தர்ப்பை, பிண்டம். ஐயர் சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொன்னான்.

சொன்னான் என்றால், ஐயரின் குரலிலேயே சொன்னான். அந்த மூக்குச் சத்தம், மூச்சு எடுக்கிற இடம், எல்லாம் அப்படியே. இப்போது யோசித்தால் அவன் வேண்டுமென்று செய்யவில்லை, காதில் விழுகிறது வாயால் வருகிறது. ஐயர் ஒரு தடவை நிறுத்தி அவனைப் பார்த்தார். அபி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே எழும்பி அவனுக்கு ஒன்று போடவேண்டும் போல இருந்தது. தகப்பனுக்குப் பிண்டம் வைக்கிற கையோடு பகிடியா?

ஐயர் போனார். அண்ணியும் தவமும் அபியும் படையலுக்குச் சாப்பாடு எடுக்க மேலே போனார்கள். கஜன் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்தினேன்.

"உனக்குக் கொப்பற்றை குரல் ஏன் அப்பிடி எண்டு தெரியுமோ?"

அவன் சுருட்டுவதை நிறுத்தினான்.

நான் நிறுத்தவில்லை. அண்ணை சொல்லாதே என்றது நினைவில் இருந்தது. அவருக்கு இப்போதுதான் எள்ளுத் தண்ணீர் விட்டிருந்தோம், அதுவும் நினைவில் இருந்தது. இருந்தும் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளிக்கூடம், முகமூடி, பேரைச் சொன்னது, துவக்குப் பிடி. "அதைத்தான் நீ வெள்ளைக்காரனுக்கு விக்கிறாய். இண்டைக்கு எங்கடை ஆக்களுக்கும் விக்கப்போறாய்" என்றேன்.

கஜன் பாயின் மேல் இருந்தான். அழவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"தெரியும், சித்தப்பா."

"என்ன தெரியும்?"

"எல்லாம். எனக்குப் பதினாறு வயசிலை வீட்டிலை ஒரு நாள் செய்து காட்டினன். அம்மா சிரிச்சா. அப்பா சிரிக்கேல்லை. அறைக்குள்ளை கூப்பிட்டு, சட்டைப் பொத்தானைக் கழட்டி, என்ரை கையைப் பிடிச்சுத் தன்ரை தொண்டையிலை வைச்சார். இஞ்சை ஒரு எலும்பு உள்ளுக்குப் போயிருக்கு, பார் எண்டார். பேந்து எல்லாம் சொன்னார்."

"அண்ணை சொன்னவரோ?"

"சொல்லிப்போட்டு, நீ மூக்காலை செய்யிறாய், பிழை எண்டார். தொண்டையின்ரை இடப்பக்கத்தை இறுக்கு, காத்து வலப்பக்கத்தாலை மட்டும் வரவேணும் எண்டார். ஒரு கிழமை பழக்கினார். சரி வந்த நேரம்தான் சிரிச்சார்."



"அப்ப ஏன் ஒரு ஷோவுக்கும் வரேல்லை?"

"தான் வந்து இருந்தால் சனம் தன்னைத் திரும்பிப் பார்க்குமாம். பாவம் பார்த்தால் சிரிக்காதாம். அதாலை வரமாட்டன் எண்டார். ரீவியிலை வந்தால் பார்த்துப்போட்டு, இண்டைக்கு ரெண்டாவது இடத்திலை காத்து மிஞ்சிப்போச்சு எண்டு சொல்லுவார்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை? அத்தனை தரம் போன் எடுத்தனான்."

சொல்லு என்றேன்.

"சித்தப்பாவோடை இதைக் கதையாதை எண்டவர். அவனுக்கு இன்னும் அது நேற்றைக்கு நடந்தது மாதிரித்தான், அவனோடை சிரிக்க ஏலாது எண்டவர்."

மேலே இருந்து தவம் சாப்பாடு ஆறுது என்று கூப்பிட்டாள். எனக்குக் கோபம் போகவில்லை. யாரில் கோபம் என்று மட்டும் தெரியவில்லை. சொல்லாதே என்று என் வாயைக் கட்டிவிட்டு, தான் சொல்லிவிட்டு, பழக்கியும் விட்டு, எனக்குத் தெரியாமலே சிரித்திருக்கிறார் மனுசன்.

6

போகாமல் விடலாம் என்று நினைத்தேன். அண்ணியைக் காரில் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. போனேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் ஆட்கள் மட்டுமல்ல, அபியின் வயதுப் பிள்ளைகள், அவர்களுடைய சீன நண்பர்கள், வெள்ளைக்காரர். அகவணக்கம், விளக்கு, வரவேற்புரை, ஒரு கவுன்சிலருக்குப் பொன்னாடை, பொன்னாடைக்கு நன்றியுரை. செல்வம் அண்ணை சொன்னபடி அண்ணைக்கும் ஒரு நிமிடம் போட்டார். பெயரைப் பிழையாகச் சொன்னார். எல்லாரும் எழும்பி நின்றார்கள். அண்ணி இருந்த இடத்திலேயே இருந்தா.

கஜன் வந்தான். முதல் அரை மணித்தியாலம் அரங்கேற்றக் கதைகள், ரீவியில் செத்துப்போன கடைக்காரன் கதை. செல்வம் அண்ணையையும் விடவில்லை. தொடக்கத்தில் கேட்ட அவருடைய வரவேற்புரையை அப்படியே எடுத்துச் செய்தான். செல்வம் அண்ணையே கைதட்டினார். பிறகு கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, ஒரு போனைக் காதில் வைத்தான்.

அண்ணை வந்தார்.

நான் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் இறுகியது. வலப்பக்கத்தால் காற்று வந்தது. இத்தனை வருடம் போனில் கேட்ட எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. "ஓம்" என்றார் அண்ணை. விளங்கவில்லை என்றது இயந்திரம். மண்டபம் அதிர்ந்தது. பேரைச் சொன்னதும் பிடிபட்ட மனுசன் அவர். இங்கே அவர் எத்தனை தரம் சொல்லியும் ஒரு இயந்திரத்துக்கு அவரைத் தெரியவில்லை. அண்ணை அந்தக் காத்திருப்புப் பாட்டுக்குக் கூடப் பாடத் தொடங்கினார். அண்ணி சிரிக்கவில்லை. வாய்க்குள் அவரோடு சேர்ந்து பாடினா. ஒரு இடத்தில், "இதிலை ஒருக்கா இருமுவார்" என்று என் பக்கம் சரிந்து சொன்னா. அந்த இடத்தில் கஜன் இருமினான்.

நான் சிரித்தேனா என்று அபி பிறகு கேட்டாள். சிரிக்கவில்லை. அவ்வளவு கெதியில் எனக்கு வராது.

முடிந்து வெளியே வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. படம் எடுக்கிறவர்கள் எல்லாம் விட்டுப்போன பிறகு, கஜன் மண்டபத்தின் பின்பக்கத்தில் மிருதங்கத்தைக் காரில் ஏற்ற வந்தான். அண்ணியும் அபியும் காருக்குள் இருந்தார்கள். அவன் கதவைச் சாத்திவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றான்.

"சரியாய் இருந்துதோ, சித்தப்பா?"

"இருந்துது."

"உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். அப்பாவிட்டைக் கேட்டனான். அது போயிட்டுது, விடு எண்டிட்டார். அம்மாவிட்டைக் கேட்டன். அவ கலியாணத்துக்குத்தானே லண்டன் வந்தவ, அவவும் கேக்கேல்லை. இப்ப நீங்கள் மட்டுந்தான் இருக்கிறியள்."

"என்ன?"

"அடி விழமுதல் எப்பிடி இருந்தது? கார்ச் சத்தத்தோடை அறிவிச்சுக்கொண்டு போவாராமே. அந்தக் குரலை ஒருக்காச் செய்து காட்டுங்கோ. நல்லாய் வரத் தேவையில்லை. கொஞ்சம் காணும், மிச்சத்தை நான் பிடிச்சிடுவன்."

போனை எடுத்து, பதிகிற பொத்தானை அமத்தி, என் வாய்க்கு முன்னால் நீட்டினான்.

எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். இரண்டு ஊர் கேட்ட குரல். கூடப்பிறந்தவன் நான். ஒரே அறையில் படுத்து எழும்பியவன். மற்ற எல்லாவற்றையும் இவன் எடுத்துக்கொண்டாலும் அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துத்தான் இவ்வளவு காலமும் கோபப்பட்டேன். தொண்டையைச் செருமினேன். சாவுக்கு எப்படித் தொடங்குவார் என்று யோசித்தேன். சொல் தெரிந்தது. கார் தெரிந்தது. கூரையில் இருந்த இரண்டு குழாயும் தெரிந்தது.

வாயைத் திறந்தேன்.

கரகரவென்று வந்தது. நடுவில் கீச்சிட்டது. மேடையில் சற்று முன்னர் கேட்டதுதான் வந்தது. நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் தொடங்கினேன். அதேதான்.

"சத்தமாய்க் கதைப்பார்" என்றேன்.

கஜன் போனை நீட்டிக்கொண்டே நின்றான்.